விழுங்கிய சுரம்

போன வாரம் ஜெயபிரியாவைப் பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். பேஸ் கிட்டார் வாசிக்கப் பீரோ எதற்கு என்று பலருக்கும் சந்தேகம் வந்திருக்கும். நியாயமான சந்தேகம்தான்.

கிட்டார் அவளுடைய தம்பி விஜய்பாண்டியுடையது. ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போகும்போது தென்காசியில் அக்கா வீட்டில் போட்டுவிட்டுப் போனான். கிட்டாரைக் கொடுத்தவன் ஆம்ப்ளிஃபயரை மட்டும் யாருக்கோ விற்றுவிட்டான். ஆம்ப் இல்லாத பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கே சரியாகக் கேட்காது. மேலே மின்விசிறி சுற்றினால் அதுவும் போச்சு. கிட்டாரின் உடம்பிலிருந்து நீளும் கொம்பை மரத்திலோ இரும்பிலோ முட்டுக்கொடுத்து வாசித்தால் அந்தப் பொருளும் சேர்ந்து முனகும் என்று எந்தப் புண்ணியவானோ இணையத்தில் சொல்லி வைத்திருந்தான். ஜெயபிரியா கட்டிலில் வைத்துப் பார்த்தாள், அடுப்படிக் கதவில் வைத்துப் பார்த்தாள். கடைசியில் நடு அறையில் நின்ற பீரோதான் வாய் திறந்தது. அது மறைந்த மாமியார் உலகம்மாள் சீராகக் கொண்டுவந்த இரும்புப் பீரோ.

மகள் காளீஸ்வரி மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனதிலிருந்து மதியப்பொழுது வெறுமையாகிவிட்டது. கணவன் அருண்பாண்டிக்குப் புளியங்குடியில் எலுமிச்சை மண்டி. அந்த மண்டிக்காக லாரிக்காரர்களோடு போனில் மல்லுக்கட்டுவது வீட்டிலிருந்தே ஜெயபிரியா பார்க்கும் வேலை. அது முடிந்ததும் பீரோவோரம் போய் உட்கார்ந்துவிடுவாள். பாட்டெல்லாம் கிடையாது. ஸ்கேல், ஆர்பெஜியோ. மறுபடி ஸ்கேல், மறுபடி ஆர்பெஜியோ.

கல்யாணப் பத்திரிகையைத் தெருவில் வீடு விடாமல் வைத்துக்கொண்டே போவது ஸ்கேல். ஒரு வீடு விட்டு ஒரு வீடு, சொந்தக்காரர்களுக்கு மட்டும் வைத்துவிட்டு வருவது ஆர்பெஜியோ. இரண்டும் கைக்குப் படிந்துவிட்டால், எந்தப் பாட்டு வந்தாலும் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று விரல் தானாகக் கண்டுகொள்ளும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இவள் அம்மியை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பலன் கிடைக்கிற மாதிரி ஒரு வழி திறந்தது. கீபோர்டு வாசிக்கும் அப்துல் ஜப்பார் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருக்கிறார். குழுவின் பேஸ் கிட்டார்காரர் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபிறகு, ஜப்பாரின் இடது கைதான் கீபோர்டிலேயே அந்த வேலையையும் பார்த்தது. நாளை, சனிக்கிழமை, குற்றாலத்தில் லாட்ஜ்காரர்கள் நடத்தும் சீசன் விழாவில் கச்சேரி. "ஒரு ஒத்திகைக்கு வாங்க தங்கச்சி, சரிவந்தா நீங்களே வாசிச்சிருங்க" என்று சொல்லியிருந்தார்.

ஜெயபிரியாவுக்கு அந்த மேடை வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் தனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதான் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஒரு பட்டுப்புடவைக்கும் ஆசைப்பட்டாள், அதுவும் கிடைத்தது. ஆனால் புடவைக்காக இப்படித் தூக்கம் கெட்டதில்லை.

மாமனார் சுந்தரபாண்டிக்கு மட்டும் மேடை விஷயம் தெரியாது. மருமகள் பொழுதுபோகாமல் எதையோ தட்டுகிறாள் என்ற அளவில்தான் அவருக்குத் தெரியும். "முடிவாகட்டும், சொல்லிக்கலாம்" என்று அருண்பாண்டி தள்ளிப்போட்டிருந்தான். அப்பாவிடம் எதையும் பிறகு சொல்வது அவனுக்குப் பிறவி வழக்கம்.

வெள்ளிக்கிழமை காலை சாரல் விட்டு விட்டுப் பெய்தது. ஜப்பார் வீட்டு மாடியில் ஸ்பீக்கர் மேல் பிளாஸ்டிக் சாக்கு போட்டிருந்தார்கள். குழுவின் பாடகி தங்கபுஷ்பம் தலையைத் துவட்டிக்கொண்டே மைக்கைச் சரிசெய்தாள். ஜெயபிரியா முதல் முறையாக உண்மையான ஆம்பில் கம்பியைத் தட்டினாள். தரையிலிருந்து பாதம் வழியாக ஏறியது சத்தம். இத்தனை நாளும் நான் வாசித்தது இதுவா என்று அவளுக்கே நம்ப முடியவில்லை.

முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவது, ஏ மைனரில் ஒரு வேகப் பாட்டு. பல்லவி முடிவதற்குள் ஜப்பார் கையைத் தூக்கினார்.

"தங்கச்சி, அந்த 'ஏ' சுரத்த மட்டும் தனியா தட்டுங்க."

தட்டினாள். தொப் என்றது.

"இன்னொரு தடவ."

தொப்.

"மத்ததெல்லாம் நின்னு பேசுது. இது மட்டும் ஏன் செத்துப் போவுது? கம்பி கெட்டுப்போச்சா?"

அவரே கிட்டாரை வாங்கி, விரல் வைக்காமல் தட்டினாலே 'ஏ' பேசும் மூன்றாவது கம்பியைத் தட்டினார். சுரம் மாடியை நிறைத்துக்கொண்டு நின்றது. கம்பியின் மேல் குற்றமில்லை.

"கையிலதான் இருக்கு கோளாறு. தட்டுன மறுநொடி உள்ளங்கைய வச்சு அமுக்கிருதிய. தெரிஞ்சுதான் செய்தியளா?"

"இல்லண்ணே" என்றாள் ஜெயபிரியா. அவளுக்கு உண்மையிலேயே தெரியாது.

"நான் பாட்டு எடுக்கதே அந்தச் சுரத்துலதாங்க்கா" என்றாள் தங்கபுஷ்பம். "நம்பிக் கால வைக்கேன், அங்கன படியே இல்ல."

ஜெயபிரியா மறுபடி முயன்றாள். தொப். மனம் 'விடு' என்றது, கை 'மாட்டேன்' என்றது. அப்போதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. பிடிபட்டதும் காது சுட்டது.

அந்தப் பீரோவின் லாக்கருக்குள் உலகம்மாளின் கண்ணாடி வளையல்கள் இருக்கின்றன. அவள் போய் மூன்று வருடமாகிறது, யாரும் லாக்கரைத் திறந்ததில்லை. மற்ற சுரங்களுக்குப் பீரோ முனகுவதோடு சரி. இந்த 'ஏ' வந்தால் மட்டும் உள்ளே வளையல்கள் கிணுகிணுக்கும். முதன்முதலாக அந்தச் சத்தம் கேட்ட அன்று, முன்பக்கக் கூடமான பட்டாசாலையில் படுத்திருந்த மாமனார் சட்டென்று எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கிப் போய்விட்டார். ஜெயபிரியாவுக்கு உயிரே போய்விட்டது. பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷனை இப்படியா நோகடிப்பது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மறுநாளிலிருந்து அந்தச் சுரம் வரும் இடமெல்லாம் உள்ளங்கையால் பொத்திவிடுவாள். பொத்திப் பொத்திக் கைக்கு அதுவே பாடமாகிவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், இது பீரோப் பழக்கம்.

ஜப்பார் நல்ல மனிதர். சுற்றி வளைக்கவில்லை.

"கோவிச்சுக்கிடாதிய. நாளைக்குப் பாட்டுல பாதிக்கு மேல ஏ மைனரும் சி மேஜருந்தான். இந்தச் சுரம் இல்லாம ஒண்ணும் நடக்காது. ஆம்ப் மத்தியானம் செங்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போவுது, சாயங்காலம் வந்துரும். அஞ்சு மணிக்கு வாங்க. கை சரியாயிருந்தா நாளைக்கு நீங்க வாசிக்கிய. இல்லன்னா என் இடது கை பாத்துக்கிடும். அடுத்த சீசன் எங்க போயிரப் போவுது."

அடுத்த சீசனுக்கு ஒரு வருடம் இருக்கிறது. படியிறங்கும்போது ஜெயபிரியாவுக்கு அழவேண்டும்போல் இருந்தது. மழை பெய்ததால் சௌகரியமாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் கணவனுக்குப் போன் போட்டாள். மண்டியில் ஏலச் சத்தம் காதைப் பிளந்தது. அவன் ஒரு மூட்டைச் சந்துக்குள் ஒதுங்கி நின்று முழுக்கதையையும் கேட்டான்.

"இதுல என்ன இருக்கு. லாக்கரத் திறந்து வளையல எடுத்து வெளிய வச்சுட்டு வாசி."

"சாவி மாமாட்டல்லா இருக்கு."

"கேளு."

"நீங்க கேளுங்க. உங்க அப்பாதான."

"நான் எப்படிக் கேக்க? அம்மா பொருளு. என்னத்துக்குலே சாவின்னு ஒரு பார்வ பாப்பாவ. எனக்கு ஆவாது."

"அப்ப எனக்கு மட்டும் ஆவுமா?"

"நீ கேட்டா அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாவ. ஏளா, இங்கன லோடு ஏறுது, வச்சிருதேன்."

வைத்துவிட்டான். பூனைக்கு மணி கட்டும் வேலை வீட்டு மருமகள் தலையில்தான் விடியும் என்பது அந்தக் குடும்பத்தில் எழுதாத சட்டம்.

சுந்தரபாண்டி வழக்கம்போல் பட்டாசாலையில் பாயை விரித்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். ஜெயபிரியா அவருடைய கால்மாட்டில் நின்றாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"என்னம்மா?" துண்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"மாமா, லாக்கர் சாவி வேணும்."

துண்டு விலகியது. "எதுக்கு?"

"அத்தை வளையலயெல்லாம் கொஞ்ச நேரம் எடுத்து வெளிய வைக்கணும்."

"எதுக்குன்னு கேட்டேன்."

இதற்கு மேல் மறைக்க முடியாது. ஒரே மூச்சில் சொன்னாள். "நான் வாசிக்கயில ஒரு சுரத்துக்கு மட்டும் அது குலுங்குது மாமா. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு நான் அந்தச் சுரத்த அமுக்கியே வாசிச்சுட்டேன். இப்ப விட நெனச்சாலும் கை விட மாட்டேங்கு. அஞ்சு மணிக்கு ஜப்பார் அண்ணன் வீட்ல சரியா வாசிச்சுக் காட்டணும்."

"எனக்குக் கஷ்டம்னு யாரு சொன்னா?"

"மொத நாளு சத்தம் கேட்டதும் நீங்க எந்திரிச்சு வெளிய போயிட்டியளே."

சுந்தரபாண்டி எழுந்து உட்கார்ந்தார். தெருவில் குற்றாலத்துக்குப் போகும் வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"போனேன். மருமவ முன்னால அழுவ வேண்டாமேன்னு போனேன்." துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு விசேச வீட்டுக்குப் போவணும்னா உங்க அத்தை மொத நாளே பீரோவத் திறந்து வச்சுக்கிட்டு மாத்தி மாத்திப் போட்டுப் பாப்பா. எது போட்டாலும் நல்லால்லன்னு கழத்துவா. நான் இங்கன கெடந்து கேட்டுக்கிட்டு இருப்பேன். அதே சத்தம் அன்னைக்கு வந்துட்டு. தெருமுக்கு வரைக்கும் போயி கண்ணத் தொடச்சுக்கிட்டு வந்தேன். மறுநாளும் வரும்னு வந்து படுத்தேன். வரல. சரி, நாளைக்கு வரும்னு படுத்தேன். ஒவ்வொரு நாளும் அந்த எடம் வரைக்கும் வருவ, தொப்புன்னு நிறுத்திருவ."

"நீங்க தூங்குதியன்னுல்லா மாமா நெனச்சேன்."

"வயல்ல கெடந்த ஒடம்பு இது. நான் என்னைக்கும்மா மத்தியானம் தூங்கியிருக்கேன்?"

உலகம்மாள் போனதிலிருந்து அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை. பெரியவர் மனசு நோகுமே என்று மகன் எடுக்கவில்லை, மகனே எடுக்கவில்லையே என்று மருமகள் எடுக்கவில்லை, இவர்களே மறந்துவிட்டார்கள் போல என்று பெரியவரும் எடுக்கவில்லை. பாசத்தில் இத்தனை மௌனம் எங்கள் பக்கத்துக் குடும்பங்களில்தான் முடியும்.

"சாவி கெடக்கட்டும்" என்றார் சுந்தரபாண்டி. "போயி வாசி."

பீரோவோரம் உட்கார்ந்து கொம்பை முட்டுக்கொடுத்தாள். சி மேஜர் ஸ்கேலில் ஏறினாள். ஐந்தாவது வீடு தாண்டி ஆறாவது வீடான 'ஏ'வுக்கு வந்ததும், தொப்.

"வரல" என்றது பட்டாசாலை.

மறுபடி. தொப்.

"ஏட்டி, வரலியே."

ஜெயபிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் தோள் இளகியது, தோள் இளகியதும் உள்ளங்கையும் கொஞ்சம் தள்ளிப் போனது. மூன்றாவது கம்பியை மட்டும் தனியாக, அவசரப்படாமல் தட்டினாள். பீரோ முனகியது. அதற்குள்ளிருந்து வளையல்கள் கிணுகிணுத்தன.

இந்த முறை பட்டாசாலையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. விடாமல் வாசித்தாள். ஏ மைனர் ஆர்பெஜியோ, மேலே ஏறி, கீழே இறங்கி. பிறகு ஜி ஸ்கேல், எஃப் ஸ்கேல். 'ஏ' வரும் தெரு எதையும் விட்டுவைக்கவில்லை. நடுவில் கை பழைய ஞாபகத்தில் இரண்டொரு தடவை பொத்தியது, பிறகு அதுவும் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து சுந்தரபாண்டி அறை வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. இப்போது தெருவுக்குப் போகவில்லை.

"அந்த ஏறி இறங்குதது நல்லாருக்கு. இன்னொரு வாட்டி வாசி" என்றார்.

மாலை ஜப்பார் வீட்டு மாடியில் மறுபடி அதே ஏ மைனர் பாட்டு. ஜெயபிரியா கம்பியைத் தட்டினாள், சுரம் நின்றது. தங்கபுஷ்பம் அதன் மேல் ஏறிப் பாட்டை எடுத்தாள். ஜப்பார் இரண்டு கையாலும் வாசித்துக்கொண்டிருந்தவர், சரணம் தொடங்கும்போது இடது கையைக் கீபோர்டிலிருந்து எடுத்தார். அந்தக் கையால் பக்கத்திலிருந்த டீ கிளாஸைத் தூக்கி ஒரு மடக்குக் குடித்தார். பாட்டு முடியும்வரை அந்தக் கை திரும்பக் கீபோர்டுக்கு வரவில்லை.

"நாளைக்கு மூணு மணிக்கு வேன்" என்றார். "அதுக்கு மேல லேட்டாக்குனா அருவிக்குப் போற கூட்டத்துல மாட்டிக்கிடுவோம்."

அவ்வளவுதான் சொன்னார். ஜெயபிரியாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நனைந்துகொண்டே நடந்து வீட்டுக்கு வந்தாள். சந்தோஷமாக இருந்தாள், அதை மறைக்கவும் தெரியவில்லை.

அருண்பாண்டி அன்றைக்குச் சீக்கிரமே வந்திருந்தான். சாவி விவகாரம் என்னவாயிற்றோ என்ற பயம் அவனை மண்டியில் இருக்கவிடவில்லை. அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜப்பார் என்ன சொன்னான்?" என்றார் சுந்தரபாண்டி.

"சரியாயிட்டுன்னு சொன்னாவ மாமா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அருண்பாண்டியின் கண்ணும் அதோடு நிறுத்து என்றுதான் கெஞ்சியது. ஆனால் ஜெயபிரியாவுக்கு அன்றைக்கு எதையும் பொத்தி வைக்க மனமில்லை.

"மாமா, நாளைக்குக் குற்றாலத்துல மேடையில வாசிக்கப் போறேன். ஜப்பார் அண்ணன் குழுவோட. ஊரே பாக்கும். உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்."

சுந்தரபாண்டி காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்குத்தான் தெரியாது." அவர் மகனைப் பார்த்தார். "ஏம்லே, நான் வேண்டாம்னு சொல்லிருவேன்னு பயமா?"

"அதில்லப்பா. உங்களுக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருமேன்னு..."

"எனக்காக, எனக்காகன்னு நீங்க ரெண்டு பேரும் இன்னும் என்னத்தையெல்லாம் முழுங்கி வச்சிருக்கிய?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் அருண்பாண்டி சமாளித்திருப்பான். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"சொல்லிருங்க."

"அப்பா, புளியங்குடியில ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். மண்டிக்குப் பக்கத்துலயே. தினம் போயிட்டு வாரது முடியல. நாம எல்லாரும் அங்கனயே போயிரலாமான்னு..."

சுந்தரபாண்டி கல் கல்லாகக் கட்டிய வீடு இது. உலகம்மாள் வாழ்ந்து முடிந்த வீடு. அருண்பாண்டியால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

சாரல் நின்று வெயில் எட்டிப் பார்த்தது. பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அத ஞாயித்துக்கெழம பேசுவோம்" என்றார். "நாளைக்கு வேன் எத்தன மணிக்கும்மா?"

"மூணு மணிக்கு மாமா."

"எனக்கும் ஒரு எடம் போட்டு வைக்கச் சொல்லு. முன் சீட்டா பாத்துச் சொல்லு, பின்னால உக்காந்தா மழை அடிக்கும்."

சொல்லிவிட்டு உள்ளே போனார். உலகம்மாள் போனபிறகு தெருமுக்கைத் தாண்டி எந்த விசேஷத்துக்கும் போகாத மனிதர். புளியங்குடிக்குச் சரி என்றாரா, முடியாது என்றாரா என்று விளங்காமல் அருண்பாண்டி காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெயபிரியா அதற்குள் போனை எடுத்துவிட்டாள்.

"ஜப்பார் அண்ணே, வேன்ல முன் சீட்டு ஒண்ணு வேணும். எங்க மாமா வாராவ."